வேப்பூரிலிருந்து மூட்டை கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

வேப்பூர் கூட்டுரோட்டில் நின்றால் சென்னைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் கடலூருக்கும் பஸ் கிடைக்கும். விருத்தாசலத்தில் செராமிக் படித்த பையனுக்கு குஜராத்தின் மோர்பி வரை வேலை இருக்கிறது. எந்த ஊரில் சம்பளம் அதிகம் என்பது ஒரு போனில் தெரிந்துவிடும். எந்த ஊரில் மிச்சமாகும் என்று பார்க்கத்தான் நோட்டும் பேனாவும் வேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிறவருக்காக சென்னை, கோவை, பெங்களூரு மூன்றையும் வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் பக்கத்தில் நகரத்து விலை எதையும் எழுத வேண்டாம். இப்போது காசு கொடுக்காமல் கிடைப்பதை எழுதுங்கள். சொந்த வீடு, போர் தண்ணீர், வீட்டு நெல், கொல்லை முருங்கை, ரேஷன் அரிசி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி. இணையத்தில் நகரங்களை ஒப்பிடும் பட்டியல்களில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. ஏற்கெனவே வாடகை வீட்டில் இருந்துகொண்டு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போகிறவருக்காகப் போட்ட பட்டியல்கள் அவை. நம் ஆட்களுக்கு அடி விழுவது இந்த இலவசங்கள் விலையாக மாறும் இடத்தில்தான். அதிலும் பாட்டிக்குப் பதில் ஆள் வைப்பது பெரிய செலவு. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் சம்பளத்தில் பாதி அதிலேயே போய்விடலாம்.

இரண்டாவது வாடகை. மாத வாடகையை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், அட்வான்ஸைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் செல்லும் என்ற சந்தும் அதிலேயே இருக்கிறது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதும், காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் சகஜம்.

வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 ரூபாய் வேண்டும். கையிருப்பிலிருந்து கொடுத்தால் வங்கியில் 7 சதவீதம் கிடைத்திருக்கும்; மாதம் 875 ரூபாய் நஷ்டம். ஊரில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் மாதம் 3,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அப்படியானால் அந்த வீட்டின் வாடகை உங்களுக்கு 18,000 ரூபாய். 17,000 வாடகையில் மூன்று மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்கும் ஏறக்குறைய இதே செலவுதான்: அதே வட்டிக்கு வாங்கினாலும் மாதம் 18,020தான் ஆகிறது, கடனோ கிட்டத்தட்ட ஒரு லட்சம் குறைவு.

வீட்டுக்காரரிடமே கரண்டையும் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், தனி சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கும் வீடுகளில் அது உங்கள் கைக்கு வராது. கர்நாடகத்தில் 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை இலவசம் உண்டு, வாடகைக்காரருக்கும் சேர்த்து. ஆனால் அது பழைய சராசரிப் பயன்பாட்டைப் பார்த்து வரும், பதிவும் செய்ய வேண்டும். தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை; பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ கேளுங்கள். சென்னையின் 2019 கோடையும், டேங்கர் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டி வந்த பெங்களூரின் 2024 மார்ச்சும் ரொம்பப் பழைய கதைகள் அல்ல.

மூன்றாவது மளிகை. இங்கே பலரும் வீணாக நேரம் செலவழிக்கிறார்கள். சோப்பு, டீத்தூள், பிஸ்கட் எல்லாம் அச்சடித்த விலை. எந்த ஊரிலும் அதேதான். அவற்றை அடித்துவிட்டு காய்கறி, கறி, மீன், பால், தண்ணீர் கேன் ஆகியவற்றை மட்டும் அந்தந்த ஊர்ச் சொந்தக்காரரிடம் ஒரே நாளில் கேட்டு எழுதுங்கள். பெங்களூரு என்றால் ரேஷன் வரியைச் சிவப்பில் எழுத வேண்டும். வெளிமாநிலத்தில் தானியம் மட்டும்தான், அதுவும் தகுதியுள்ள கார்டுக்குத்தான். கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் ஓசூரோடு நின்றுவிடும்.

மத்திய தொழிலாளர் பணியகத்தின் விலைவாசிக் குறியீட்டெண்ணைக் காட்டி சிலர் வாதாடுவார்கள். அதில் சேலத்தின் எண் சென்னையின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் சேலத்தில் விலை அதிகம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு ஊரின் 2016 விலையையும் 100 என்று வைத்து, அந்த ஊரில் அது எவ்வளவு ஏறியது என்று சொல்லும் எண் அது. ஊருக்கு ஊர் ஒப்பிட அரசு வேறொரு அளவுகோலை வைத்திருக்கிறது: மத்திய அரசு ஊழியரின் வீட்டு வாடகைப்படி. சென்னை, பெங்களூருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், கோவைக்கு 20, விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு 10. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் 9,000, 6,000, 3,000. தனியார் வேலையில் இருப்பவரும் இதைப் பேரம் பேசும்போது எடுத்து வைக்கலாம்.

நான்காவது ஊருக்கு வரும் செலவு. பொங்கல், தீபாவளி, விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகம், ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று வருஷத்துக்கு ஐந்து பயணமாவது வரும். நாலு பேர், ஒருவருக்கு ஒரு வழிக்கு 400 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 16,000. சென்னை என்றால் எழும்பூரிலிருந்து விருத்தாசலம் ஜங்ஷனுக்கு நேர் ரயில் உண்டு. 60 நாளுக்கு முன் பதிவு திறந்ததும் எடுத்தால் இந்தச் செலவு நன்றாகக் குறையும். கோவை, பெங்களூரு இரண்டுக்கும் பெரும்பாலும் சேலத்தில் மாறித்தான் வர வேண்டும். பண்டிகை நேரத்து ஆம்னி கட்டணத்தைத் தனியாகச் சேருங்கள்.

ஐந்தாவது பள்ளிக்கூடம். பீஸ் விசாரிக்காதவர் கிடையாது. விட்டுப்போகும் சலுகையை எழுதுகிறவர்தான் குறைவு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஏழாவது படிக்கும் பெண்ணைப் பெங்களூருக்கு அழைத்துப் போனால் அது போய்விடும். சென்னையில் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் போய்விடும். கர்நாடகத்தில் கன்னடமும் படிக்க வேண்டும், அதற்கு டியூஷன்.

எல்லாவற்றையும் கூட்டிச் சம்பளத்திலிருந்து கழித்தால், மூன்று ஊருக்கும் கடைசியில் நிற்கும் தொகையை வைத்து ஒப்பிடலாம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் கோவை முந்துவது இப்படிக் கணக்குப் போடும்போதுதான் தெரிகிறது என்பது என் எண்ணம்.

ஊரை முடிவு செய்த பிறகும் குடும்பத்தை உடனே கூட்டிப்போக வேண்டாம். வேலைக்குப் போகிறவர் முதலில் மேன்ஷனிலோ பிஜியிலோ தங்கி, பள்ளி முழுப்பரீட்சை முடியும்வரை தினச் செலவை அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதி வரட்டும். போட்ட கணக்கும் ஆன செலவும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்துவிட்டு, ஏப்ரலில் அட்வான்ஸ் கொடுக்கலாம்.