கழுத்தில் நெறி கட்டினால்

பிள்ளையின் தலையில் பேன் கடித்துப் புண்ணானாலும், பல் சொத்தையானாலும் கழுத்தில் நெறி கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். புண் ஆறினால் நெறியும் அடங்கிவிடும். ஆனால், இருபது இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குப் புண் ஏதுமில்லாமல் பின்கழுத்தின் ஒரு பக்கத்தில் நெறி கட்டி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் என்ன பேசிக்கொள்வோம்? ஒருவர் காசநோய் என்பார். இன்னொருவர் புற்றுநோயோ என்று காதோடு சொல்வார். கல்யாணம் பேசும் வயதாயிற்றே என்று வெளியே சொல்லாமல் பற்றுப் போட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

இவ்விரண்டும் அல்லாத ஒரு நோயும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டில் ஜப்பானில் கிகுச்சி என்ற மருத்துவரும் ஃபுஜிமோட்டோ என்ற மருத்துவரும் தனித்தனியே அதை எடுத்துக் கூறினர். அதனால் அதற்குக் கிகுச்சி நோய் என்றே பெயர். அபூர்வமானதுதான். ஆனால் ஆசிய மக்களிடையே, அதிலும் இளம் பெண்களிடம், அதிகமாகக் காணப்படுகிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. பெரும்பாலோருக்கு ஒன்று முதல் நான்கு மாதத்தில் தானாகவே தணிந்துவிடும்.

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா? கூடாது. கையால் தடவிப் பார்த்து இது கிகுச்சி, இது காசநோய் என்று எவராலும் சொல்ல முடியாது. காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு எல்லாம் மூன்றிலும் வரக்கூடும். இரத்தச் சோதனையிலும் இந்த நோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது.

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு. கிருமிகளை வழிமறிக்கும் காவல் சாவடி போன்றது. மருத்துவர் முதலில் வாய், தொண்டை, பல், தலை எல்லாம் பார்ப்பார். நெஞ்சுப் படமும் எடுக்கச் சொல்வார். காரணம் புலப்படாவிட்டால் ஊசி வைத்துக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பதுண்டு. கிகுச்சி நோயில் கணுவின் சில இடங்கள் மட்டுமே செத்துக் கிடக்கும். ஊசி வேறிடத்தில் பட்டால் விவரம் கிடைக்காது. ஆகவே ஒரு கணுவை முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பாட்டிமார் தடுப்பார்கள். கிகுச்சி நோயும் காசநோயும் அப்படிப் பரவுவதில்லை. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் எந்த முறையில் எடுப்பதென்று மருத்துவர் யோசித்தே செய்வார்.

எடுத்த கணுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். செத்த அணுக்களின் தூளும், அதை விழுங்கும் அணுக்களும் கூட்டமாக இருக்கும். சீழ் அணுக்கள் இருக்கா. காசநோய்க் கிருமியும் அகப்படாது. தேர்ந்த கண்களுக்கும் சில வேளை இது நிணநீர்ப் புற்றுநோய் போலத் தோன்றுவதுண்டு. பிசகினால் வேண்டாத கடும் மருந்துகள் உடம்பில் ஏறும். காசநோய் என்று தவறாக முடிவு செய்தாலோ, ஆறு மாதம் வீணாக மாத்திரை விழுங்க நேரும். உண்மையில் காசநோயாக இருந்தால் அந்த மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கிகுச்சி என்று உறுதியானால் காய்ச்சலுக்கும் வலிக்குமே மருந்து. கடுமையாக இருந்தால் மட்டும் ஸ்டீராய்டு தருவார்கள். ஒரு சிலருக்கு மீண்டும் வரலாம். வேறு சிலருக்குப் பிற்காலத்தில் லூபஸ் என்னும் நோய் தலைகாட்டுகிறது. எனவே நெறி மறைந்த பிறகும் மருத்துவர் வரச்சொன்ன தேதிகளில் போகவேண்டும். மூட்டு வலியோ, முகத்தில் சிவந்த தடிப்போ கண்டால் தேதிக்குக் காத்திராமல் உடனே சொல்லவேண்டும்.