வீட்டு மின்கம்பி வேலையும் சர்க்கார் லைசென்சும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்கள், வீடு பார்க்கும்போது வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம் முதலியவற்றைத் தீர விசாரிக்கிறார்கள். சுவரினுள் ஓடும் மின்கம்பியைப் போட்டவர் யார் என்று கேட்பவர் அரியர். வெந்நீர்க் கொதிகலனுக்குப் புதிய இணைப்பு வேண்டுமானால், கடைத்தெருவில் அகப்பட்டவரை அழைத்து வந்து குறைந்த கூலிக்கு வேலையை முடித்துக் கொள்கிறோம். இது சட்டத்துக்கு மாறானது, உயிருக்கும் ஆபத்தானது.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, இவ்வேலைக்கு மூவரைப் பொறுப்பாக்கியது. மாநில சர்க்காரிடம் லைசென்சு பெற்ற ஒப்பந்தக்காரர் வேலையை ஏற்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உடையவர் நேரில் மேற்பார்வையிட வேண்டும். பெர்மிட் உள்ள வயர்மேன் செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் 2023-இலும் வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. ஓட்டுநர், கார்டு, நிலைய அதிகாரி ஆகியோர் தத்தம் பொறுப்பை ஏற்றால்தான் ரயில் பத்திரமாக ஊர் சேரும். இதுவும் அத்தகையதே.

250 வோல்ட் வரையுள்ள மின்சாரத்தைப் பழைய விதிகள் 'குறைந்த அழுத்தம்' என்றன. பெயரைக் கண்டு அலட்சியம் கொள்ளலாகாது. ஈரக் கையால் தொட்டால் நம் வீட்டு 230 வோல்ட்டே உயிரைப் பறிக்கப் போதும்.

அப்படியானால் விளக்கு மாற்றவும் லைசென்சு வேண்டுமா? வேண்டியதில்லை. இணைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி விளக்கு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்சு ஆகியவற்றை மாற்றிக் கொள்ள விதிவிலக்கு உண்டு. புதிய கம்பி இழுப்பதும், உள்ள அமைப்பைக் கூட்டுவதும் மாற்றுவதும் அந்த விலக்கில் அடங்கா. விதியை மீறிச் செய்த வேலைக்கு மின்சாரம் கொடுக்கலாகாது என்றும் சட்டம் தடுக்கிறது.

லைசென்சு வெறும் காகிதமன்று. வேலை முடிந்ததும் மெகர் கருவியால் 500 வோல்ட் நேர்மின்சாரத்தை ஒரு நிமிடம் செலுத்திச் சோதிக்கும்போது, காப்புத்தடை 1 மெக்ஓமுக்குக் குறையக் கூடாது. 'எர்த்' இணைப்பையும் சோதிக்க வேண்டும். விளக்கு எரிந்ததுமே கூலி வாங்கிக்கொண்டு புறப்படுபவரிடம் இச்சோதனைகளை எதிர்பார்க்க இயலுமா?

தமிழ்நாட்டிலிருந்து இத்தொழிலுக்கு வரும் நம் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லைசென்சும் பெர்மிட்டும் அந்தந்த மாநில சர்க்காருக்கு உட்பட்டவை. பெர்மிட் என்பது, வேலை செய்யும் மாநிலம் வழங்கியதாகவோ அங்கீகரித்ததாகவோ இருத்தல் வேண்டும். ஊரில் பெற்ற சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பிறர் பெயரில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பது ஏன்? வந்தவுடனே அவ்விடத்து மின் ஆய்வாளர் அலுவலகத்தையோ லைசென்சு வாரியத்தையோ அணுகி, அங்கீகாரத்துக்கு வழி கேட்பது நலம். கைத்தொழில் தெரிந்தவனுக்கு ஊர் புதிதானாலும், முறையான அனுமதி இருந்தால் மதிப்புத் தானே வரும்.

குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் ஒரு வேண்டுகோள். வேலையை ஒப்படைக்குமுன் லைசென்சைக் கேட்டு, அதன் காலக்கெடுவைப் பாருங்கள். முடிந்தபின் கையொப்பமிட்ட சோதனை அறிக்கையைப் பெற்று, வாடகை ரசீதுகளுடன் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடமும் இதை வற்புறுத்துங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். குழந்தைகள் தொடும் சுவர் அது.