டோல் சாவடியில் கரையும் திருச்சி டிக்கெட்

டமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் டோல் சாவடியைக் கார் கடக்கும்போது, கழிந்த தொகையும் அட்டையில் இருக்கும் மிச்சமும் சின்னத் திரையில் மின்னி மறையும். தடுப்புக் கம்பு உயர்வதற்குள் எல்லாரும் பார்ப்பது மிச்சத்தைத்தான். கழிந்த 2 வெள்ளி 10 காசை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

வேலைக்குப் போக ஒரு முறை, வர ஒரு முறை என்று அதைக் கட்டுகிறவருக்கு நாளுக்கு 4 வெள்ளி 20 காசு ஆகிறது. மாதம் 22 வேலை நாள் என்றால் 92 வெள்ளி 40 காசு. இரண்டு சாவடிகளைக் கடந்து போகிறவருக்கு இது இரட்டிப்பாகும். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்து எதிலும் 30 நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க மலேசியக் குடிமக்களுக்குக் கிடைக்கும் ‘மை50’ பாஸின் விலை 50 வெள்ளி. பெட்ரோலையும் கார் தவணையையும் சேர்க்காமலே, டோல் மட்டும் பாஸின் விலையைத் தாண்டிவிடுகிறது.

பூச்சோங் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “ஒரு தடவையாவது பிள்ளைங்கள ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும், காசுதான் சேர மாட்டேங்குது.” ஊர் என்றால் திருச்சிப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம், தாத்தா விட்டுவந்த குலதெய்வக் கோயில். அது இல்லாவிட்டால் பினாங்கு, லங்காவி. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, தே தாரிக்கைக் குறை, ரொட்டி சானாயை விடு என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவரின் ஒரு குவளைத் தேநீரைப் பிடுங்கி யாரும் விமானம் ஏறியதில்லை. ஒருவாரம் வைராக்கியமாக இருப்பார், மறுவாரம் சலித்துப்போய் இரண்டு குவளையாகக் குடிப்பார். பெரிய காசு வேறெங்கோ போகிறது. பூச்சோங்கைப் பொறுத்தவரை அது கார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போகிறது.

இதில் குடும்பங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருகாலத்தில் ஈயச் சுரங்கமும் பால்மரத் தோட்டமுமாக இருந்த இடம் இது. காசல்பீல்டு, கின்ராரா என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. தோட்டங்கள் தாமான்களாயின. ஐஓஐ மால் 1996இல் திறந்தது, நெடுஞ்சாலை 1999இல் வந்தது. ரயில் வந்ததோ 2016இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் கார் இல்லாமல் வாழ முடியாது என்ற முடிவுக்கு ஒரு தலைமுறையே வந்துவிட்டது. முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைக்கு வீட்டில் சொல்லும் முதல் காரியமே, ஒரு காருக்கு முன்பணம் கட்டு என்பதுதான்.

இப்போது ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் கின்ராரா பிகே5 தொடங்கி ஐஓஐ பூச்சோங் ஜெயா, பூசாட் பண்டார் பூச்சோங், பண்டார் புத்ரி, பூச்சோங் பெர்டானா, பூச்சோங் பிரிமா என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கித் தடம் மாறினால் கேஎல் சென்ட்ரல், அதாவது பிரிக்ஃபீல்ட்ஸ். மறுபக்கம் புத்ரா ஹைட்ஸில் மாறினால் சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா. கார் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லிட்டர் பெட்ரோல். 2025 செப்டம்பர் 30 முதல் மைகார்டு காட்டுவோருக்கு ரோன்95 லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைத்தது. அந்த மானிய விலையிலேயே நாளுக்கு ஏறக்குறைய 5 வெள்ளி, மாதத்துக்கு 110. நகரில் கார் நிறுத்தக் குறைந்தது 6 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 132. டோலையும் கூட்டினால் 334 வெள்ளி 40 காசு. பாஸுக்கு 50 வெள்ளியைக் கழித்தால் மிச்சம் 284 வெள்ளி 40 காசு. விடுப்பு போக 11 மாதத்துக்குப் பார்த்தால் 3,128 வெள்ளி வருகிறது. எண்ணெய் மாற்றும் செலவு, டயர் தேய்மானம் எதையும் நான் சேர்க்கவில்லை.

எல்லாராலும் ரயிலில் போக முடியாது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு ரயில் இருக்காது. ஷா ஆலாம் தொழிற்பேட்டையின் உள்ளொதுங்கிய தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடும் தாய்க்குக் காரோ மோட்டார் சைக்கிளோ வேண்டியதுதான். ரயிலில் நேரமும் கூடுதலாகும். மஸ்ஜிட் ஜாமெக் போய்ச்சேர முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு கார் இருந்து, இருவரில் ஒருவர் மட்டும் வாரத்தில் மூன்று நாள் ரயிலுக்கு மாறினாலும் கணக்கு நகரத் தொடங்கும். ஒருவர் மாறினால் நாலு பேர் ஊருக்குப் போகலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சாப்பாட்டுச் செலவிலும் வழி இருக்கிறது. சிலாங்கூர் அரசு நிறுவனமான பிகேபிஎஸ் 2022 முதல் நடத்திய ‘ஜுவாலான் ஏசான் ரக்யாட்’ மலிவு விற்பனையில் ஒரு கோழி 10 வெள்ளிக்கும், ஒரு தட்டு முட்டை 10 வெள்ளிக்கும் கிடைத்தன. 2023 சனவரியில் தொடங்கிய ‘மெனு ரஹ்மா’ 5 வெள்ளிச் சாப்பாடும் அப்படித்தான். எந்த நாளில் எங்கே விற்பனை என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்த மிச்சமெல்லாம் விலையேற்றத்தைச் சமாளிக்கத்தான் போதும். அதைப் பயணக் கணக்கில் எழுதிக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மிச்சம் பிடிப்பதைவிடப் பிடித்த மிச்சத்தைக் காப்பாற்றுவது கடினம். நம் பெண்கள் இதற்குக் கண்ட வழிதான் கூட்டு. பன்னிரண்டு பேர் மாதம் ஆளுக்கு 200 வெள்ளி போடுவார்கள். மாதம் ஒருவருக்கு 2,400 வெள்ளி போகும். தாலிக்கொடி, தீபாவளிச் செலவு, பிள்ளையின் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், ஊர்ப் பயணம் என்று எத்தனையோ காரியங்கள் இதில் நடந்தேறியிருக்கின்றன. வங்கி செய்யாததை இது செய்கிறது. அடுத்த வீட்டு அக்கா வாசலில் வந்து நிற்கும்போது, “இந்த மாசம் முடியல” என்று சொல்ல நாக்கு எழாது. அந்த வெட்கமே சேமிக்க வைக்கிறது.

ஆனால் அதன் உட்கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதல் மாதம் தொகை எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். பன்னிரண்டாவது மாதம் எடுப்பவர்தான் சேமிக்கிறார், அதுவும் வட்டியில்லாமல். முன்னதாக எடுத்தவர் வீடு மாற்றிப் போய்விட்டால் அடி விழுவது கடைசியில் இருப்பவருக்கு. போலீசுக்குப் போகவும் தயக்கம். ஏனென்றால் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் இந்த நாட்டில் இப்படிப் பணம் திரட்டுவதைத் தொழிலாக நடத்தக் கூடாதென்று தடுக்கிறது. பெயர் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் நடத்தும் கூட்டுகளில் ஒரு காசும் போடாதீர்கள்.

பயணத்துக்கென்றே சேமிக்கும் ஏற்பாட்டை இந்த நாடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கட்டி எழுப்பியிருக்கிறது. கிராமத்து மலாய்க்காரர்கள் ஹஜ் போக வயலையும் மாட்டையும் விற்றார்கள், திரும்பி வந்தபோது பிழைக்க வழியில்லாமல் நின்றார்கள். பொருளாதார அறிஞர் உங்கு அஸிஸ் இதைக் கண்டு 1959இல் ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். அதன் பயனாக 1963 செப்டம்பரில் ஹஜ் யாத்திரிகர் சேமிப்புக் கழகம் இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர்தான். அதுவே பின்னால் தாபோங் ஹாஜியாக வளர்ந்தது. சொத்தை விற்று யாத்திரை போன மக்கள், மாதாமாதம் கட்டிய சிறு தொகையில் போகத் தொடங்கினார்கள்.

நம் பக்கத்திலும் அதே காலத்தில் ஒன்று நடந்தது. ஆங்கிலேயர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தையே நாம் வாங்குவோம் என்று கேட்டார். அன்றைய பால்வெட்டுச் சம்பளத்தில் 10 வெள்ளி என்பது எத்தனை நாள் மளிகை என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காசில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள், அதன் பிறகு வேறு தோட்டங்களையும் வாங்கினார்கள். லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களால் தோட்டம் வாங்க முடிந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகளால் திருச்சிக்கு டிக்கெட் வாங்க முடியவில்லை என்றால், சம்பளம் குறைவு என்று மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. பணத்தைப் பிடித்து வைக்கும் கை நம்மிடம் இல்லாமல் போய்விட்டது.

அந்தக் கைக்குப் பதிலாக இப்போது வங்கியையே நிறுத்தலாம். தனிக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் ஏறும் அன்றே குறித்த தொகை தானாக அதற்கு மாறும்படி உத்தரவு கொடுத்துவிட வேண்டும். அந்தக் கணக்கின் அட்டை பணப்பையில் இருக்கக் கூடாது. வங்கி வைப்புத் தொகைக்குப் பிஐடிஎம் 2,50,000 வெள்ளி வரை காப்பு தருகிறது. எல்லா இனத்தாரும் சேரக்கூடிய அமானா சஹாம் மலேசியாவில் ஒரு யூனிட் எப்போதும் 1 வெள்ளி. அதில் லாப ஈவு வரும், ஆனால் அது வங்கி வைப்பு அல்ல, பிஐடிஎம் காப்பும் அதற்கு இல்லை.

தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. ஊழியர் சேமநிதி 2024 மே 11 முதல் மூன்று கணக்குகளாகப் பிரிந்து, புதிதாகச் சேரும் சந்தாவில் நூற்றுக்குப் பத்து ‘ஃப்ளெக்சிபெல்’ கணக்குக்குப் போகிறது. 50 வெள்ளி தொடங்கி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசியில் நாலு தட்டு தட்டினால் டிக்கெட் காசு வந்துவிடும். 35 வயதில் எடுக்கும் 3,000 வெள்ளியை அப்படியே விட்டிருந்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்ற கணக்கில் 55 வயதில் ஏறத்தாழ 7,960 ஆகியிருக்கும். அடகுக்கடை வளையலும், கடன் அட்டைத் தவணையும் இதே ரகம்தான். பயணம் பத்து நாளில் முடிந்துவிடும், வட்டி மட்டும் தீபாவளி வரை நம்மோடு வரும்.

இனி பயணத்தின் கணக்கு. எஸ்.எஸ். ரஜூலா கப்பல் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அன்று ஆயுளில் ஒருமுறை போவதே பெரிது. 2008இல் ஏர் ஏசியா திருச்சிக்குப் பறக்கத் தொடங்கிய பிறகு நாலு மணி நேரத்தில் போய் இறங்கலாம். டிக்கெட் விலை மட்டும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை நாட்களில் ஏறும். 2026இலிருந்து பள்ளி ஆண்டு மறுபடி சனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை டிசம்பரில் விழுகிறது. ஊரில் மார்கழிக் கூட்டமும் அப்போதுதான். முடிந்தவர்கள் நடுவாண்டு விடுமுறையில் போகலாம். போய்வர ஆளுக்கு 900 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால் நாலு பேருக்கு 3,600. கடப்பிதழ் பெரியவருக்கு 200 வெள்ளி, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 100. இந்தியாவுக்கு விசா கட்டாயம், அதை இணையத்தில் இ-விசாவாக எடுக்கலாம். கட்டணமும் சலுகையும் மாறிக்கொண்டே இருப்பதால் இந்திய அரசின் இணையத்தளத்தை மட்டும் பாருங்கள். அதைப்போலவே தோற்றமளித்து இரண்டு மடங்கு பிடுங்கும் தளங்கள் பல உண்டு.

யாரும் கணக்கில் எழுதாத செலவு பெட்டிக்குள் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்திய இரவில் பூச்சோங் வீட்டுக் கூடத்தைப் பாருங்கள்: விரித்துக் கிடக்கும் பெட்டி, மைலோ பொட்டலங்கள், பிஸ்கட் டின், டஜன் கணக்கில் கோடாலித் தைலம், சித்தப்பாவுக்குக் கைலி, அத்தைக்குத் துண்டு. கொக்கித் தராசில் மாட்டித் தூக்குகிறார் மகன். 23 கிலோ காட்டுகிறது. அம்மா மைலோவை வெளியே எடுக்கிறார், யாரும் பார்க்காதபோது திரும்ப உள்ளே வைக்கிறார். சொந்தங்களை வெறுங்கையோடு பார்க்க மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் மலிவு டிக்கெட்டில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான். பெட்டி எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, விமான நிலைய முகப்பில் கட்டினால் அதைவிடக் கூடுதல். பரிசுப் பொருளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று முதல் மாதமே சேமிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்த இரவில் வீட்டில் சண்டை வராது.

கூட்டுறவுச் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சட்டப்படி பதிவான கூட்டுறவுச் சங்கம் ஒன்று, மாதம் 50 வெள்ளியில் தொடங்கும் பயணச் சேமிப்புக் கணக்கை உறுப்பினர்களுக்காக நடத்தலாம். நூறு குடும்பங்கள் சேர்ந்தால் விமான நிறுவனத்திடம் குழுக் கட்டணம் பேசவும் முடியும். இதற்கு முன்மாதிரியாகச் சம்பந்தன் தொடங்கிய சங்கம் நம் கண்ணெதிரே இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த சம்பள நாளுக்குள் தனிக் கணக்கைத் திறந்துவிடுங்கள், அட்டையில் போன மாதம் கழிந்த டோலை ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.