தன் புகையால் மூச்சு வாங்கும் யந்திரம்

மும்பைத் தமிழர்களில் முதியவர்களிடம் பியட் என்ற பெயரைச் சொன்னால், மாதுங்கா ரயில் நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்ற கறுப்பும் மஞ்சளுமான டாக்ஸிகளே அவர்களுடைய மனக்கண் முன் தோன்றும். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் ஸ்தாபித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, செம்பூருக்கு அடுத்த குர்லாவில் இருந்த தன் தொழிற்சாலையில், இத்தாலியக் கம்பெனியின் அனுமதி பெற்றுச் செய்த அந்த வண்டி, பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்ற பெயர் பூண்டு, 2023 அக்டோபர் மாத இறுதியில் இந்நகரத்து டாக்ஸி வரிசையிலிருந்து விடைபெற்றது. அதன் எஞ்சின் 1089 சி.சி. கொள்ளளவு உடையது; அது தந்த சக்தி சுமார் 40 குதிரைத்திறன். அதே பியட் சின்னத்தைத் தாங்கி, புனேயை அடுத்த ரஞ்சன்காவில் உருவாகி, 2010இல் விற்பனைக்கு வந்த லீனியா டி-ஜெட் என்னும் செடான் காரோ 1368 சி.சி. எஞ்சினிலிருந்து 114 குதிரைத்திறனை எடுத்துத் தந்தது. கொள்ளளவு கால் பங்குதான் கூடிற்று. சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று.

இடைப்பட்ட காலத்து விஞ்ஞான அபிவிருத்தி முழுவதற்கும் இந்த வளர்ச்சியில் பங்குண்டு என்பது உண்மையே. ஆயினும் டர்போ என்னும் சாதனத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்துக் காண விரும்புகிறவருக்கு லீனியா குடும்பத்திலேயே சாட்சியம் கிடைக்கிறது. 2009இல் முதலில் வந்த, டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் லீனியாவின் எஞ்சினும் அதே 1368 சி.சி. தான், அதன் சக்தி 90 குதிரைத்திறன், அதன் முறுக்கு விசை 115 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிஷத்துக்கு 4500 சுற்றுச் சுற்றும்போதுதான் கிடைக்கும். டர்போ பொருத்திய டி-ஜெட்டிலோ 207 நியூட்டன் மீட்டர் விசை 2200 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சயானிலிருந்து செம்பூர் வரை ஊர்ந்தும் நின்றும் ஊர்ந்தும் செல்ல வேண்டிய ஒருவருக்கு, எஞ்சினைக் கதற வைக்காமலே வண்டி முன்னே பாயும் இந்தக் குணம், உச்ச வேகத்தைக் காட்டிலும் பன்மடங்கு பிரயோஜனமானது.

இந்த விந்தை எப்படி நிகழ்கிறது? எஞ்சினுக்குள் பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்துவது எளிது. ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், அந்தக் காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றோடு திருப்தி அடைகிறது. டர்போ உடைய எஞ்சினோ, எரிந்து முடிந்து வெளியே ஓடும் புகையின் வேகத்தையும் உஷ்ணத்தையும் வீணாக்காமல், அந்தப் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் பொருத்திய இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. கொல்லன் உலையின் புகையே அவனுடைய துருத்தியை மிதிக்குமானால் எப்படியோ, அப்படி. சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினியரான ஆல்பிரெட் ப்யூகி இந்த யுக்திக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் ஆகாய விமானங்களிலும் நெடுங்காலம் பணி செய்த பிறகே, 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல், செவ்ரோலெட் கார்களில் இது ஏறியது.

சொல்லுவதற்கு எளிய இந்த யுக்தி, யந்திரத்தின் உடலில் எத்தகைய உக்கிரமான நிலைமைகளை உண்டாக்குகிறது என்பதை உணராதவர் அதைப் பராமரிக்க முற்படலாகாது. பெட்ரோல் எஞ்சினின் புகை, டர்போவின் சக்கரத்தைத் தொடும்போது 900 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும்; உள்ளங்கையில் அடங்கிவிடும் அச்சக்கரம் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும்; அந்த வேகத்தில் அதன் அச்சைத் தாங்கி நிற்பது பெரும்பாலான கார்களில் பால் பேரிங்கு அன்று, அழுத்தத்தோடு பாயும் எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றே. ஆகவே பழைய டர்போ காரை வீட்டிலேயே பேணி வளர்க்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டிய பாடமும், கடைசி வரை மறக்கக் கூடாத பாடமும் ஆயில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கையேட்டில் எந்தத் தரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்தத் தரத்து சிந்தெடிக் ஆயிலையே ஊற்ற வேண்டும். ஆயிலை மாற்றுந்தோறும் பில்டரையும் மாற்ற வேண்டும். கையேடு கூறும் கிலோமீட்டர் கணக்கு நிறைவேறாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றியே தீர வேண்டும். மும்பையில் ஒரு வண்டி கிலோமீட்டர் கணக்கில் சிறிதே ஓடினாலும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று அதன் எஞ்சின் பட்ட பாடு அதிகம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிழக்கு ஃபிரீவேயில் விரைந்து வந்து, செம்பூரில் இறங்கி, வீட்டு வாசலில் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்துவிடுவது பலருடைய வழக்கம். அணைத்த அந்தக் கணமே ஆயிலின் ஓட்டம் நின்றுவிடுகிறது. பழுக்கக் காய்ந்த டர்போவினுள் அகப்பட்டுக்கொண்ட ஆயில் கருகிக் கரியாகப் படிந்து, நாளடைவில் ஆயில் வரும் நாளத்தையே அடைத்துவிடுகிறது. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்து, ஒரு நிமிஷம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் இந்தத் தீங்கு பெரிதும் விலகும். செலவே இல்லாத இந்தச் சிகிச்சையைப் போலப் பலன் தரும் உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

ஹவுஸிங் சொசைட்டியின் வாகன நிறுத்தத்தில் ஆயில் மாற்றும் வேலையைச் செய்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் புகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி, ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகே குனியுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். தாராவியின் ஓரமாக ஓடும் மித்தி நதி ஏற்கெனவே சுமக்கும் அழுக்கு போதும். மூடிய டப்பாவில் சேர்த்து வைத்து, அதை முறையாகச் சேகரித்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிடம் ஒப்படையுங்கள்.

ஆயிலுக்கு அடுத்தபடி காற்று. அமுக்கப்பட்ட காற்று சூடேறும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் பாலபாடம்; நம் ஊரின் 35 டிகிரிக் காற்று டர்போவிலிருந்து வெளிவரும்போது 100 டிகிரியையும் கடந்துவிடக் கூடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதனால், அதை இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானின் வழியே செலுத்தி ஆற்றிய பிறகே எஞ்சினுக்குள் விடுகிறார்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர் குழாய்கள், பத்து பதினைந்து ஆண்டு உஷ்ணத்தில் வெந்து, வெடிப்பு விட்டு, கிளிப்புகள் துருவால் பிடி தளர்ந்து, காற்றைக் கசியவிடுகின்றன. வண்டியின் வேகம் குன்றுகிறது. பெட்ரோல் செலவு ஏறுகிறது. டர்போ தன் எல்லையை மீறிச் சுழன்று குறையை ஈடுசெய்யப் பார்க்கிறது. இதைக் கண்டு டர்போவே கெட்டுப்போயிற்று என்று தீர்ப்புக் கூறி, பெருந்தொகைக்கு வேறொன்றை மாட்டச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு.

அந்தத் தீர்ப்பை ஏற்குமுன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பரீட்சை ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஆறவிட்டு, ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயைக் கழற்றி, டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்றில் டியூப் வால்வைப் பொருத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் பம்பினால் அரை பார் அழுத்தம் வரை மெதுவாகக் காற்றேற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். அதிக அழுத்தம் ஏற்றுவது ஆபத்து. அரை பாரே போதும். சில நூறு ரூபாய்க் குழாய் ஒன்றினால் தீரக்கூடிய வியாதிக்கு இதயமாற்றுச் சிகிச்சை செய்யாமல் தப்பிக்க இந்தப் பரீட்சை உதவும்.

டர்போ உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்பதையும் ஓரளவு விரலாலேயே அறியலாம். குளிர்ந்த டர்போவின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் இம்மியளவு ஆட்டம் இருப்பது இயல்பு; ஆயில் படலம் நிற்க அந்த இடைவெளி வேண்டும். ஆனால் அச்சு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் கூட்டின் சுவரை உரசியிருந்தாலோ, புகைக் குழாயில் நீலப் புகை தொடர்ந்து வந்தாலோ ஐயத்துக்கு இடமில்லை. அப்போதும் அதை வீட்டில் பிரிக்க முற்படாதீர்கள். அவ்வளவு வேகத்தில் சுழலும் அச்சைத் தனி யந்திரத்தில் ஏற்றிச் சமநிலை பார்த்தாக வேண்டும். அது நிபுணர்களின் வேலை.

மழைக்காலம் இந்நகரத்துக்கு உரிய தனிச் சோதனை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அத்தகைய பிரளயம் இல்லாத வருஷங்களிலும் மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் நீர் தேங்குவது வாடிக்கை. காற்றோடு நீரும் சிலிண்டருக்குள் புகுந்தால், காற்று அமுங்கும், நீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அந்த நீரில் மோத, கனெக்டிங் ராடு வளைந்துபோகிறது. காற்று நுழையும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மழைக்கு முன்னரே குனிந்து பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும். அதிகச் சக்தி வேண்டிச் சிலர் பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்தும் திறந்த ஏர் பில்டர், மும்பை மழைக்கு அழைப்பு விடுப்பதேயாகும்.

இனி, மாற்றியமைக்கும் ஆசையைப் பற்றி. டர்போ கார்களில் இந்த ஆசைக்கு இடம் மிகுதி. ஏனெனில் சாதாரண எஞ்சினில் இரும்பைச் செதுக்கிப் பெற வேண்டிய கூடுதல் சக்தியை, இங்கே எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரின் கட்டளைகளை மாற்றி எழுதியே பெற்றுவிடலாம். ஔரங்காபாத்தில் ஸ்கோடா ஸ்தாபனம் அமைத்த தொழிற்சாலையின் மூலம் நமக்குக் கிடைத்த ஆக்டேவியா வரிசையில், 1.8 லிட்டர் எஞ்சினும் 20 வால்வுகளும் 150 குதிரைத்திறனும் கொண்ட ஆர்.எஸ். வண்டியைப் போற்றி வைத்திருப்பவர்கள் இந்த ரசவாதத்தை நன்கு அறிவார்கள். டர்போவின் அழுத்தத்தை எல்லைக்குள் நிறுத்தும் வேஸ்ட்கேட் என்ற கதவைக் கம்ப்யூட்டர் சற்றுத் தாமதித்துத் திறந்தால் காற்று கூடுகிறது, அதற்கேற்ப எரிபொருளும் கூடுகிறது, சக்தி உயர்கிறது. உயரட்டும், ஆனால் அந்த உயர்வுக்குரிய விலையை கிளட்சும், கியர்பாக்ஸும், பிஸ்டனும் செலுத்துகின்றன. அழுத்தம் ஏறினால், பெட்ரோல் உரிய தருணத்துக்கு முன்பே தானாக வெடிக்கும் நாக்கிங் என்ற கேடும் நெருங்குகிறது. இதைத் தடுக்க உயர்ந்த ஆக்டேன் எண் உடைய பெட்ரோல் வேண்டும். செம்பூரை ஒட்டிய மாஹுலில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இரண்டு அரசுக் கம்பெனிகளும், 97, 99 என்று எண்ணிட்ட அத்தகைய பெட்ரோலைத் தனி விலையில் விற்கின்றன. 2023 முதல் பரவிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோலில், எத்தனால் ஆக்டேனை உயர்த்துவது நன்மையே. ஆனால் அதற்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளில் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அது அரிக்கக்கூடும். அவற்றை அடிக்கடி சோதிப்பது அவசியம்.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் கூறிய சுப்ரீம் கோர்ட், பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்த முடியாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்து ஓசையைப் பெருக்குவது சட்டத்துக்கும் விரோதம், அதே தெருவில் மூச்சு விடும் குழந்தைகளுக்கும் விரோதம். என்னுடைய அபிப்பிராயத்தில், பதினைந்து வயதான வண்டிக்குச் செய்யத்தக்க சிறந்த மாற்றம், வெந்துபோன குழாய்களுக்குப் பதிலாக சிலிக்கோன் குழாய்களை இடுவதும், தேய்ந்த பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும் புதுப்பிப்பதும், தாராவியின் தோல் தொழிலாளர்களிடம் கொடுத்து இருக்கைகளுக்கு நல்ல உறை தைத்துக்கொள்வதுமே. தோல் வேலையில் தலைமுறை தலைமுறையாகக் கை பழகிய திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய தையல் பல ஆண்டு நிற்கும்.

பியட் கார்களின் உற்பத்தி இந்தியாவில் 2019இல் நின்றுபோய்விட்டது, குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் தேடிப் பொறுக்கினால்தான் சில பாகங்கள் கிடைக்கும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்பு, சென்சார்கள் ஆகியவை கண்ணில் பட்டால் உடனே தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் பதிவான டி-ஜெட்டுகளுக்கு 2025இல் பதினைந்து ஆண்டு நிறைந்துவிட்டது. செம்பூர்வாசிகள் வடாலா போக்குவரத்து அலுவலகத்தில் பரிசோதனைக்கு வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது உங்கள் கையில் இல்லையென்றால், அந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகக்கூடும்.