குச்சிக்கிழங்குச் சீட்டில் ஒரு சமன்பாடு

'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' பள்ளியில் இயற்கணிதம் படித்த எவருக்கும் இந்த வாக்கியம் நினைவிருக்கும். ஏன் மாறுகிறது என்று நான் கேட்டதில்லை. அண்மையில் ராசிபுரத்தை அடுத்த சிற்றூரில், மாமா ஒருவர் மரவள்ளி விற்ற சீட்டை நீட்டி, "கணக்கு சரியா இருக்கான்னு பாருங்க மாப்பிள்ளை" என்றபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி, பல மாதங்கள் நிலத்தில் கிடந்து ஜவ்வரிசி ஆலைக்குச் செல்கிறது. அங்கே எடை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. கிழங்கிலுள்ள மாவுச்சத்தின் அளவும் தீர்மானிக்கிறது. அதைப் 'பாயிண்ட்' என்பார்கள். டன் கணக்கிலான எடையை பாயிண்டாலும், ஒரு பாயிண்டுக்கான விலையாலும் பெருக்கினால் தொகை கிடைக்கும்.

எளிமைக்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். எடை 10 டன். வாய்மொழியாகச் சொன்ன பாயிண்ட் 28, பாயிண்டுக்கு ரூ.250. ஆக, ரூ.70,000 வரவேண்டும். வந்தது ரூ.66,500.

குறைந்ததை 'க' என்போம். 70,000 - க = 66,500. இருபுறமும் 'க'வைக் கூட்டினால் இடப்பக்கம் அது மறைந்து, வலப்பக்கம் கூட்டலாகத் தோன்றுகிறது. எதுவும் பக்கம் தாண்டவில்லை. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தோம், அவ்வளவே. 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி தம் நூலின் தலைப்பில் வைத்த 'அல்-ஜபர்' என்ற சொல் இச்செயலைத்தான் குறித்தது. அல்ஜீப்ரா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும் அரபியில் அதே சொல்தான்.

குறைந்தது ரூ.3,500. எதற்காக? எடையைத் தனிமைப்படுத்தினால், 66,500-ஐ 7,000-ஆல் வகுக்க 9.5 டன். அதாவது மண், தண்டு என்று அரை டன் கழிக்கப்பட்டிருக்கலாம். பாயிண்டைத் தனிமைப்படுத்தினால், 66,500-ஐ 2,500-ஆல் வகுக்க 26.6. பாயிண்டே குறைந்திருக்கலாம். இரண்டும் சிறிது சிறிதாகக் குறைந்திருந்தாலும் இதே தொகைதான் வரும். ஒரு சமன்பாட்டில் தெரியாதவை இரண்டு இருந்தால், எப்படி மாற்றி எழுதினாலும் ஒரே விடை கிடைக்காது.

மாவுச்சத்தைக் கணிக்கும் முறை ஒன்றும் இத்தகையதே. கிழங்கைக் காற்றிலும், நீரில் அமிழ்த்தியும் நிறுக்க வேண்டும். காற்றில் காட்டிய எடையை, இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி. அது கூடினால் மாவுச்சத்தும் பொதுவாகக் கூடும். இதையும் திருப்பி எழுதலாம்: ஒப்படர்த்தி 1.11 எனில், 5 கிலோ கிழங்கு நீருக்குள் சுமார் 495 கிராம் காட்ட வேண்டும், 1.12 எனில் சுமார் 536 கிராம். இடைவெளி சுமார் 40 கிராம்தான். அந்தத் தராசை யார் பார்க்கிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல.

மாமாவின் சீட்டில் எடையும் தொகையும் மட்டுமே இருந்தன. ஆலை ஏமாற்றியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏமாற்றவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. பாயிண்டையும் கழிவையும் தனித்தனியே எழுதித் தரும்படி மறுநாள் அவர் கேட்டிருக்கிறார். அடுத்த லோடுக்குத் தருவதாகச் சொன்னார்களாம்.