முந்திச் செல்பவர் காத்திருக்கட்டும்



மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும்போது அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான கடல் கொந்தளிக்கும். படகன்றி வேறு வழியில்லாத தீவு அது. இறங்குதுறையில் படகு ஆடும்போது வலிமையுள்ளவர் முன்னே கால் வைத்து, பின்னே வரும் முதியவருக்கும் குழந்தைக்கும் கைகொடுப்பார். கடலோடு வாழ்வோர்க்குக் கடலே கற்றுத்தந்த ஒழுக்கம் இது.

அத்தீவிலும் அயல் தீவுகளிலும் பிறந்து, போர்க்காலத்தில் புலம்பெயர்ந்தோர் பலர் இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். அங்கே இதே மாதங்களில் மலைகள் வெண்பனி போர்த்து நிற்கும். பாடசாலை விடுமுறை வந்ததும் நண்பரும் உறவினருமாகப் பனிச்சறுக்கு மலைகளுக்குச் செல்வது பல குடும்பங்களின் குளிர்கால மகிழ்ச்சி. பெயரிலேயே அனலைச் சுமந்த மண்ணின் பேரப்பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடுவது விந்தையன்றோ!

ஆயினும், அம்மலையடியில் நிலைமை தலைகீழாகிறது. படகில் பிள்ளையின் கையைப் பிடித்து ஏற்றிய தந்தை, பனியில் பிள்ளையின் கையை எதிர்பார்த்து நிற்கிறார். சுவிற்சர்லாந்தில் பாடசாலைகள் பல பனிச்சறுக்கு முகாம்களை நடத்துவதால், பிள்ளைகள் இளவயதிலேயே பழகிவிடுகின்றனர். அவர்கள் உச்சிக்குச் செல்ல, பெற்றோர் அடிவாரத் தேநீர்ச்சாலையில் தனித்திருக்கின்றனர். ஒன்றாகப் புறப்பட்ட குடும்பம் மாலைவரை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மலையில் ஒரு நாள் நேரும் இப்பிரிவு வீட்டிலும் தொடருமாயின், அது எத்துணை பெரிய இழப்பு!

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாஸ்கா விழா முடிந்து உறவினரும் அறிமுகமானவருமாகக் கூட்டம் ஊர் திரும்புகிறது. பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தில் எவருடனாவது வருவார் என்றெண்ணி, மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணத்தைக் கடந்துவிடுகின்றனர். கூட்டம் பெரிது என்பதால் ஒவ்வொருவரும் கவனிக்கப்படுகின்றனர் என்று பொருளன்று. திருக்குடும்பத்திற்கே நேர்ந்த தவிப்பு இது. ஆனால் அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். மூன்று நாள்களுக்குப் பின் கண்டுகொள்ளும்வரை தேடினார்கள்.

பனிச்சறுக்கு மலைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் வகுத்த நடத்தை விதிகள் பத்து. அவற்றுள் ஒன்று, பின்னால், அதாவது மேலிருந்து வருபவர், முன்னால் செல்பவருக்கு ஆபத்து நேராதவாறு தம் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. விபத்து நேர்ந்தால் உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்கிறது மற்றொன்று. உயரத்தில் இருப்பவருக்கே பொறுப்பு மிகுதி! தீவுப் படகின் ஒழுக்கமும் இதுவே அல்லவா?

இதை வாழ்ந்து காட்டிய இளைஞர் ஒருவர் நம் திரு அவையில் உண்டு. 1901இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்த பியர் ஜோர்ஜியோ ஃபிரசாத்தி, மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் பேரார்வம் கொண்டவர். நண்பர்களைத் திரட்டி மலைகளுக்கு அழைத்துச் செல்வார். திருப்பலியையும் செபமாலையையும் அதற்காக விட்டுவிடமாட்டார். நகருக்குத் திரும்பியதும், வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினராக ஏழைகளின் வீடுகளை நாடிச் செல்வார். இளம்பிள்ளை வாதத்தால் 1925இல் தமது 24ஆம் வயதில் இறந்தபோது, அவரது இறுதி ஊர்வலத்தில் ஏழைகள் திரண்டதைக் கண்டு அவர்தம் குடும்பத்தினரே வியந்தனர். 2025 செப்டெம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார். மலையில் நண்பரோடும் நகரில் வறியவரோடும் நடந்த இப்புனிதர், மகிழ்ச்சியும் பக்தியும் பகையல்ல என்று நமக்குக் காட்டுகிறார்.

ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் விரைந்து சறுக்க வல்லவர்களாயின் இறைவனுக்கு நன்றி கூறுங்கள். ஆனால், ஒரு மணி நேரத்தையாவது உங்கள் தாய் தந்தையருக்கென ஒதுக்கி, சிறுவர் பழகும் சரிவில் அவர்களுக்கு நிற்கவும் நிறுத்தவும் விழுந்தபின் எழவும் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, பிள்ளையிடம் கற்பதற்கு நாணாதீர்கள். விழுவதைக் கண்டு பிள்ளைகள் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள். சறுக்குப் பலகைகளின் வாடகையும் நுழைவுச் சீட்டும் சில குடும்பங்களுக்குச் சுமை. அத்தகைய குடும்பம் ஒன்றின் பிள்ளையையும் உங்கள் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறாயின் திருப்பலியை முதலில் வையுங்கள். மாலையில், ஊரில் தனித்திருக்கும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துப் பனியின் கதையைச் சொல்லுங்கள். படகின் கதையை அவர் சொல்லக் கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற நல்லாயன், உங்கள் கூட்டத்தின் கடைசி ஆளோடு நடந்து வருகிறார். அவரைச் சந்திக்க விரும்பினால் சற்றே நின்று திரும்பிப் பாருங்கள். ஆண்டவர் உங்கள் பயணங்களை ஆசீர்வதிப்பாராக!