சும்மா கிடக்கும் மூளை தரும் வரைபடம்

ஓய்வில் எடுக்கும் ஸ்கேன் ஆளுக்கொரு மூளை வரைபடத்தைத் தருகிறது. ஆனால் அதற்கு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும்

இரைச்சலைத் துரத்தப் போய்த்தான் பரத் பிஸ்வால் அதைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவின் மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் அந்த இந்திய மாணவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நேரம். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் பாயும், எம்.ஆர்.ஐ. அதைப் படம் பிடிக்கும். விரலை அசைக்கச் சொல்லி, அசைவுக்கான பகுதியைக் கண்டறிவதுதான் அப்போதைய வழக்கம். பிஸ்வால் ஒன்றும் செய்யாதவர்களின் பதிவைப் பார்த்தார். இடது கைக்கான பகுதியிலும், மூளையின் மறுபாதியில் உள்ள வலது கைக்கான பகுதியிலும் ரத்த ஓட்டம் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. ஓர் அலைக்குப் பத்து விநாடிக்கும் மேல். 1995இல் வெளியான இந்த முடிவைப் பலர் மூச்சும் நாடித்துடிப்பும் செய்யும் குழப்பம் என்று ஒதுக்கினார்கள்.

குழப்பமல்ல என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்கிறது. சும்மா இருக்கும்போதும் இந்தச் செலவு பெரிதாகக் குறைவதில்லை. எந்தப் பகுதி எதனுடன் கூட்டு என்று கணக்கிட்டால் வரைபடம் கிடைத்துவிடும்.

யாருடைய வரைபடம் என்பதுதான் சிக்கல். நூற்றுக்கணக்கானவர்களின் ஸ்கேன்களைக் கலந்து சராசரி எடுத்தார்கள். பல முகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அச்சடித்தால் ஒரு முகம் தெரியும், ஆனால் அது யாருடைய முகமும் அல்ல. 2016இல் மூளைப் புறணியின் ஒவ்வொரு பாதியிலும் 180 பகுதிகளைக் காட்டிய மேத்யூ கிளாசர் குழுவே இதைச் சந்தித்தது. மொழியோடு தொடர்புடைய 55பி என்ற பகுதி சிலரிடம் வழக்கமான இடத்தில் இல்லை. சிலரிடம் இரண்டாகப் பிரிந்திருந்தது. கட்டியை அகற்ற மண்டையைத் திறக்கும் டாக்டருக்கு இது விளையாட்டல்ல. சராசரியை நம்பிக் கத்தி வைத்தால் போவது நோயாளியின் பேச்சு.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நிக்கோ டோசன்பாக்கும் சகாக்களும் வேறு வழியில் போனார்கள். பல பேரைக் கொஞ்ச நேரம் பார்ப்பதற்குப் பதில் 10 பேரைப் பல மணி நேரம் பார்த்தார்கள். கருவியின் கட்டணம் குறைவு என்பதால் நள்ளிரவில்தான் ஸ்கேன். ஆராய்ச்சியாளர்களே கருவிக்குள் படுத்தார்கள். ஆளுக்கு 10 இரவுகள், ஓய்வு நிலைப் பதிவு மட்டும் 5 மணி நேரம். 2017இல் முடிவு வெளியானது: ஒருவரின் வரைபடம் இரவுக்கு இரவு பெரிதாக மாறவில்லை, ஆளுக்கு ஆள் மாறியது.

மனச்சோர்வு நோயாளிகளிடமும் இப்படி ஆளுக்கு ஆள் தேடினார்கள். எது முக்கியம் என்று தரம் பிரிக்கும் வலையமைப்பு அவர்களில் பலரின் மூளையில் ஏறக்குறைய இரு மடங்கு பரந்திருந்ததாக 2024இல் நியூயார்க்கின் வெயில் கார்னெல் குழு அறிவித்தது. மனநிலை தேறிய நாட்களிலும் அந்தப் பரப்பு சுருங்கவில்லை.

குழந்தைகள், பேச முடியாதவர்கள், மயக்க மருந்தில் இருப்பவர்கள் ஆகியோரை விரலை அசைக்கச் சொல்ல முடியாது. ஓய்வு ஸ்கேனின் பெரிய வசதி இதுதான். ஆனாலும் நோயாளியை விழிக்க வைத்து, மூளையில் லேசாக மின்சாரம் பாய்ச்சிச் சோதிக்கும் பழைய முறையை டாக்டர்கள் விட்டுவிடவில்லை. விடவும் கூடாது: ஸ்கேன் காட்டுவது ரத்தத்தை, நரம்பு செல்லை அல்ல. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே இல்லாத தொடர்புகள் படத்தில் முளைக்கும் என்று 2012இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

அடுத்தது நேரம். சாதாரண எம்.ஆர்.ஐ.க்கே நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் ஒருவருக்கு 5 மணி நேரம் யார் ஒதுக்குவார்கள்? ஒரே துடிப்புக்குப் பல எதிரொலிகளைப் பதிவு செய்யும் புது முறையால் இந்த நேரம் குறைகிறது. நம் ஊருக்கு நள்ளிரவுக் கட்டணத்தைவிட அதுதான் உதவும்.